இரண்டு விரற்கடை

ஜூலை 7, திங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டே இருந்ததில் பால் வாங்க மறந்துவிட்டேன்.

அவர் நேற்றும் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஸ்டூல், ஸ்டூல்மேல் இரண்டு தலையணை, அதன்மேல் நெற்றி. வகுப்பில் பெஞ்சுமேல் தலைவைத்துத் தூங்கும் கடைசி வரிசைப் பிள்ளை மாதிரி. சித்திரைக் கடைசியில் ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தால் நடுமுதுகில் யாரோ கடப்பாறை வைத்து நெம்புகிறார்களாம். ஒருக்களித்தால் கொஞ்ச நேரம் தாங்குகிறது, பிறகு அதுவும் இல்லை.

புராஸ்டேட்டில் வந்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, காந்தி மார்க்கெட்டுக்குக்கூடத் தானே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். நோய் என்று ஒன்று இருப்பதையே பாதி நாள் மறந்திருந்தோம். இந்த வலி வந்தபிறகு வேறெதற்கும் வீட்டில் இடம் இல்லை. ஓயாமல் அழும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேறு பேச்சே ஓடாது அல்லவா, அப்படி.

"நீ போயி கட்டில்ல படு டீச்சர். ரெண்டு பேரும் எதுக்கு முழிக்கணும்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் டீச்சர்தான். கோபமோ கவலையோ வந்தால்தான் வேணி.

"எனக்கும் தூக்கம் வரலைங்க."

"பொய். குறட்டை விட்டே."

விட்டிருப்பேன்.

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரி. "மருதை! மருதை யாருங்க?" என்று கூப்பிடும்வரை அவர் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி மூன்று பேர் இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

டாக்டர் அறிவுமதிக்கு எங்கள் மகள் யாழினி வயதுதான் இருக்கும். கால் மரத்துப்போகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, மூத்திரம் தெரியாமல் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. "அப்படி ஏதாவது வந்தா நேரம் காலம் பார்க்காம உடனே கூட்டிட்டு வந்துடணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார். "நம்ம ஜனங்க கரண்டு வைக்கிறதுன்னு சொல்லுவாங்க. அதான்."

"கரண்டு வச்சா நோய் போயிடுங்களாம்மா?"

அந்தப் பெண் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. "போகாதுங்கய்யா. வலி குறையும். பத்துப் பேருக்குக் கொடுத்தா ஆறேழு பேருக்கு நல்லாவே குறையுது. உடனே இல்ல, ரெண்டு மூணு வாரம் ஆகலாம்."

"நோய் போகாதுன்னா அப்பறம் எதுக்கு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "ஏங்க, அடைமழையில கூரை முழுக்கவா பிரிச்சு மாத்த முடியும்? கட்டிலுக்கு நேரா ஒழுகுற எடத்துல தார் வச்சு அடைச்சா, நனையாமப் படுக்கலாம்ல?"

டாக்டர் சிரித்தார். "இத நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கலாமா டீச்சர்?"

"எடுத்துக்குங்கம்மா. வீட்ல மூட்டை மூட்டையா இருக்கு" என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

நடக்கவில்லை.

எந்த இடத்தில் கரண்டு வைப்பது என்று திட்டம் போட முதலில் ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு கெட்டியான பலகையில் மல்லாந்து படுத்து, ஆடாமல் இருக்க வேண்டும். எதைச் செய்ய முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தோமோ, அதைச் செய்தால்தான் வைத்தியம். பூட்டிய பெட்டிக்குள் அதன் சாவி இருக்கிற மாதிரி.

மெஷின் பார்க்கிற பெண் பெயர் லிசி. அவளும் இன்னொருவரும் தாங்கிப் பிடித்துத்தான் படுக்க வைத்தார்கள். முதுகு பலகையில் பட்டதும் "அம்மா!" என்று ஒரு சத்தம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. லிசி உடனே நிறுத்திவிட்டாள். "வேணாம்ப்பா, வேணாம். எழுந்திரிங்க. மெதுவா."

டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். சில நாள் சாப்பிட்டு வலி அடங்கியதும் வரச் சொன்னார். ஸ்கேனுக்கு முன்னால் கூடுதலாக ஒன்று.

"அது வேணாங்க" என்றார் இவர். அவ்வளவுதான்.

ஆட்டோவில் வரும்போது காவிரிப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் என் தொடையைப் பிடித்தார். விரல் பதிந்த இடம் இப்போதும் வலிக்கிறது. அந்த நிலைமையிலும், "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுறான் பாரு" என்று முணுமுணுத்தார்.

ஜூலை 12, சனி

பேசவில்லை. மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

நேற்றெல்லாம் நச்சரித்ததில் காரணம் வெளியே வந்துவிட்டது. இரண்டு காரணம். ஒன்று, பஸ் டிரைவராக வண்டி ஓட்டின காலம் முழுக்க மயக்கம் தருகிற எதையும் அவர் தொட்டதில்லை. சளி பிடித்தால் இருமல் மருந்துகூடக் குடிக்காமல் மிளகு ரசத்தோடு டூட்டிக்குப் போவார். இது எனக்குத் தெரிந்ததுதான். இன்னொன்று: "எங்கண்ணனுக்கு இதத்தான் குடுத்தாங்க. மூணாம் நாளு முடிஞ்சுபோச்சு."

"ஏங்க, மழை வரும்போதுதான் எல்லாரும் குடைய விரிக்கிறாங்க. அதுக்காக, குடைய விரிச்சதாலதான் மழை வந்துச்சுன்னு சொல்லுவீங்களா?"

"ஒன் உதாரணம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாத்திரை முழுங்கியிருந்தா இந்நேரம் அட்டை காலி டீச்சர்."

இன்று சாயங்காலம் வீரமலை வந்தார். இவரோடு ரொம்ப காலம் ஒரே வண்டியில் கண்டக்டராக இருந்தவர். திருவானைக்காவலில் மகன் வீட்டில் இருக்கிறார். வாழைப்பழச் சீப்போடு வந்து, இவர் ஸ்டூலில் தலை கவிழ்த்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் வாசல்படியிலேயே நின்றார்.

"என்னண்ணே, பரீட்சையில பெயிலாயிட்டீங்களா?"

"வாய்யா. ஒங்க அண்ணி பெயிலாக்கிட்டா."

நான் விஷயத்தைச் சொன்னேன். வீரமலை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கிற மாதிரி தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டிரைவர் சீட்டுல உக்காந்திருந்தீங்கன்னா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. நானே தொட விடமாட்டேன். இப்ப வண்டி எங்க இருக்கு? ரோடு எங்க இருக்கு? எறங்கிப் பின்னாடி வாங்கண்ணே. ஜன்னலோரமா உக்காருங்க. அண்ணி இருக்காங்க, நான் இருக்கேன். ஸ்டாப்பு வந்தா நாங்க எழுப்பி விடமாட்டமா?"

இவர் தலையை நிமிர்த்தவில்லை. தலையணைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நீ எழுப்புவே. ஒரு தடவை என்னையவே டெப்போவுல தூங்கவிட்டுட்டு வீட்டுக்குப் போனவன்."

"அது வேற அண்ணே."

வீரமலை போன பிறகு, "தண்ணி கொண்டா" என்றார். கொண்டுபோனேன். உள்ளங்கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன். நான் கொடுத்த அத்தனை உதாரணமும் வீண். இருக்கட்டும்.

அப்புறம் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன வேடிக்கை? மூச்சு வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

ஜூலை 18, வெள்ளி

மூன்றாம் நாள் தாண்டிவிட்டது. அதை அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன். காலண்டரை ஒருமுறை பார்த்தார்.

குமட்டல் இரண்டு நாள் இருந்து போய்விட்டது. மலச்சிக்கல்தான் பாடாய்ப் படுத்துகிறது. அதற்கும் சேர்த்தே மருந்து எழுதியிருந்தார்கள். நான்தான் அது எதற்கு என்று முதல் நாள் கொடுக்காமல் விட்டேன். மார்ஃபின் சாப்பிட்டால் அதையும் தினம் சாப்பிட்டே ஆகணுமாம்.

வலி? "போகல. பக்கத்து ரூமுக்குப் போயிருக்கு. கதவு தெறந்துதான் கெடக்கு" என்கிறார். பரவாயில்லையே, இவருக்கும் உதாரணம் வருகிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அம்மா மண்டபத்தில் தர்ப்பணக் கூட்டம் ரோடு வரைக்கும். ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. நல்லவேளை, சீக்கிரமே கிளம்பியிருந்தோம்.

ஸ்கேன் முடிந்தது! வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார் என்று லிசி சொன்னாள். வெளியே வந்தபோது பனியன் முழுக்க வியர்வை. வயிற்றில் ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று என்று ஊதா மையில் கூட்டல் குறி போல மூன்று அடையாளம். கரண்டு வைக்கிற அன்று இந்தக் கோடுகளை வைத்துத்தான் ஆளைச் சரியாகப் படுக்க வைப்பார்களாம். திங்கள்கிழமை.

"அழியாமப் பாத்துக்குங்கம்மா. அந்தப் பக்கம் சோப்பு, எண்ணெய் எதுவும் வேணாம்" என்றாள் லிசி.

"நான் கணக்கு டீச்சரும்மா. கோட்டோட அருமை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். இதே வார்த்தை.

ஜூலை 26, சனி

என்ன செய்துவிட்டேன்.

காலையில் அவர்தான் கேட்டார். "டீச்சர், சனிக்கெழமை. எண்ண தேச்சுக் குளிச்சு எத்தினி மாசமாச்சு?" குரலில் ஒரு கெஞ்சல். டூட்டியில் இருந்த காலத்தில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்காகவே ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிற மனுஷர். சித்திரையிலிருந்து அதை அவர் கேட்கவே இல்லை. இன்று கேட்டதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைக்கு மட்டும் என்றேன். இடுப்பைச் சுற்றித் துண்டு கட்டினேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஸ்டூலில் உட்கார வைத்து, உச்சியில் வைத்துத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஆ... ஆ..." என்று ஒரு சுகம். முதுகிலும் கொஞ்சம் என்றார். முதுகில்தான் அடையாளம் இல்லையே என்று தேய்த்தேன். நான் வெந்நீர் விளாவத் திரும்பின நேரத்தில் அவர் கண்ணை மூடினபடியே துண்டை இறக்கிவிட்டுச் சீயக்காயை அள்ளி வயிற்றில் போட்டு, பழக்கத்தில் பரபரவென்று—

"ஏங்க!"

கண்ணைத் திறந்தார். சீயக்காய்த் தண்ணீர் ஊதாவாக வழிந்துகொண்டிருந்தது.

வயிற்றில் சுத்தமாக இல்லை. இடது விலாவில் இல்லை. வலது விலாவில் ஒரு நிழல் மாதிரி.

அவர் மேல் கோபித்துக்கொள்ள முடியுமா? எண்ணெய்ச் சட்டியை எடுத்தது யார்?

ஜூலை 27, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பகுதியில் யாரும் எடுக்கவில்லை.

"மறுபடியும் அந்தப் பலகைல படுக்க முடியாது வேணி" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை. "ஒரு தடவை படுத்துட்டேன். நாளைக்கு ஒரு தடவை. அதோட சரின்னு மனச ஏத்தி வச்சிருக்கேன். இன்னொண்ணு ஆவாது." வயிற்றைத் தடவிக்கொண்டே, "நீதான் போர்டுல வெறும் கையாலயே வட்டம் போடுறவளாச்சே. மூணு கூட்டல் குறி போட முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

தொப்புளை ஆதிப்புள்ளியாக வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை பார்த்தது கண்ணுக்குள் இருந்தது, இருந்ததாக நினைத்தேன். வலது விலாவில் தெரிந்த நிழலிலிருந்து ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு. அதற்குச் செங்குத்தாக இன்னொன்று. தெருக்கோடிக் கடையில் வாங்கின ஊதா மார்க்கர். "கூசுது டீச்சர்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாம், அவர் இன்னொரு தடவை அந்தப் பலகையில் படுக்காமல் இருப்பதற்காக.

மூன்றும் அச்சடித்த மாதிரி வந்திருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, நடுவில் வழியை இட்டு நிரப்புகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கையெழுத்து எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

ஜூலை 28, திங்கள்

முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போனோம். லிசி சட்டையை விலக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அட! அப்படியே வச்சிருக்கீங்களேம்மா! பாதிப் பேரு அழிச்சிட்டுத்தான் வருவாங்க. இதுல டீச்சர்னா டீச்சர்தான்."

அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். திட்டியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. பாராட்டிவிட்டாள்.

"அது நான் போட்டதும்மா" என்றேன்.

"எது?"

"கோடு. எண்ணெய் தேச்சதுல அழிஞ்சுபோச்சு. நேத்து நானே ஸ்கேல் வச்சு வரைஞ்சேன்."

லிசி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி அந்தக் கோடுகளைப் பார்த்தாள். சட்டைப் பட்டனைத் திரும்பப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

"வேணி, ஒனக்கு என்னா கேடு?" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு அரை மணி நேரம் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

டாக்டர் அறிவுமதி வந்து கோடுகளைக் குனிந்து பார்த்தார். "என்ன சப்ஜெக்ட் டீச்சர் நீங்க?"

"கணக்கு."

"அதான்." சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், மத்தியானம்வரை காத்திருந்தால் இன்றைக்கே கரண்டும் வைத்துவிடலாம் என்றார். ஆக, ஒரே நாளில் இரண்டு தடவை பலகை.

இவர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். சொன்னால் நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். என் கையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். கதவு மூடியது. சத்தம் வருமா என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

லிசி வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, நீங்க போட்டது ரெண்டு விரக்கடை கீழ இருக்கு."

"ரெண்டு விரக்கடையா!"

"நாங்க எப்படியும் மெஷின்ல ஒரு படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் கரண்டு வைப்போம், அதனால தப்பான எடத்துல போயிருக்காது. ஆனா கோடு அழகா இருக்கு, படத்துல எலும்பு எடம் மாறித் தெரியுது, ஏன்னு தெரியாம குழம்பியிருப்போம். அதுவரைக்கும் அப்பா பலகைலயே கெடந்திருப்பாரு. சொன்னீங்களே, அது போதும்." புது அடையாளத்தின்மேல் இந்தத் தடவை கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாளாம். "இது ஒங்களுக்காகவே" என்றாள். அவரிடமும் எல்லாம் சொல்லிவிட்டாளாம். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் கரண்டு வைத்தார்கள். உள்ளே போனது, வந்தது தெரியவில்லை. படுக்க வைத்துச் சரிபார்க்கத்தான் நேரம். அவர் உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். சூடுகூட இல்லையாம்.

திரும்பும்போது பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டது. என் தொடையைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை. மாம்பழச் சாலை தாண்டினதும் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு விரக்கடைங்கறது கொஞ்சமில்ல டீச்சர். அந்த அளவுலதான் எனக்கு ரெண்டு தடவ சைடு கண்ணாடி போயிருக்கு."

ஜூலை 30, புதன்

வலி கூடிவிட்டது. குறையவில்லை, கூடிவிட்டது! நேற்று சாயங்காலம் ஆரம்பித்தது. காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை.

யாழினி கோயம்புத்தூரிலிருந்து ஃபோன். "இதுக்குத்தானாம்மா அவ்வளவு பாடுபட்டீங்க? பேசாம இங்க கூட்டிட்டு வந்துடு." என் கோடு, என் எண்ணெய், ஒரே நாளில் இரண்டு தடவை பலகை. அதனால்தானோ?

ஜூலை 31, வியாழன்

டாக்டரிடம் பேசினேன். சிலருக்கு முதல் சில நாள் இப்படிக் கூடிவிட்டுத்தான் இறங்குமாம். நான் செய்த எதனாலும் இல்லையாம். அதை இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார். வீக்கம் வடிய ஒரு மாத்திரை, சில நாளைக்கு. மார்ஃபினைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கால் பலத்தை மறுபடி கேட்டார். பாதத்தை என் கையில் வைத்து உதைக்கச் சொன்னேன். உதைத்தார், நன்றாகவே.

"நாப்பது வருஷ ஆசை டீச்சர் இது" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், புளிச் சாதம். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறதாம். நாங்கள் போகவில்லை. வலி பழைய அளவுக்கு வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

வீரமலை வந்தார். இவர் ஸ்டூலில்லாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். யார் யார் செத்தார்கள், யார் மகன் எங்கே வேலை, எந்த ரூட்டில் புது வண்டி விட்டிருக்கிறார்கள் என்று ஒரே பேச்சு. காபி ஆறுகிறது என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீரமலை போகும்போது வாசலில் என்னிடம், "அண்ணி, அண்ணன் என்னைய மனசாரத் திட்டி ரெண்டு மாசமாச்சு. இன்னைக்குத் திட்டிட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வலி மிஞ்சினால் இடையில் கூடுதலாகச் சாப்பிடுகிற மாத்திரையை நேற்றும் இன்றும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். கணக்கு டீச்சருக்கு இந்தப் பயமெல்லாம் இருக்கலாமா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

படுத்தார். ஒருக்களித்து, அப்புறம் மெதுவாக மல்லாந்து. உடம்பு முழுக்க விறைப்பாக வைத்துக்கொண்டு, எப்போது அந்தக் கடப்பாறை வரும் என்று காத்திருந்தார். நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வருதா?"

"பேசாம இரு. பாத்துக்கிட்டிருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் கைவிரல்கள் தளர்ந்தன. அப்புறம் தோள். அப்புறம் வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, இந்த முகத்தை மேலிருந்து நான் பார்த்து. எவ்வளவு மெலிந்துவிட்டார். உட்கார்ந்திருந்தபோது இது தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்டர் அறிவுமதி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டுகிற அளவு ஏறித்தான் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொன்னார். வேறு இடத்தில் வலி வந்தால் அங்கேயும் இப்படிக் கொடுக்கலாம் என்றார். இவர் தலையாட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முன்பெல்லாம் வலியில் பாதி காதில் ஏறாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். "இங்க வந்து படு" என்றார்.

"பாத்திரம் கெடக்குங்க."

"கெடக்கட்டும்."

படுத்தேன். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபேன் இறக்கையில் எவ்வளவு தூசி என்றார். ஆளைக் கூப்பிட்டுத் துடைக்கணும் என்றேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு சொல்லணும் வேணி. ரொம்ப நாளாச் சொல்லணும்னு. அந்த வலியில யோசிக்கவே முடியல. ரெண்டு வார்த்தை சேர்த்து நெனைக்க முடியல."

"சொல்லுங்க."

"கடைசி நேரத்துல என்னையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஓடாதீங்க. மூக்குல கொழாய் அது இதுன்னு வேணாம். இந்த மாத்திரை இருக்குல்ல, இது போதும். நான் இங்கயே, இதே கட்டில்ல இருந்துக்கிறேன்."

நான் அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தேன்.

"அந்த டாக்டரம்மாகிட்ட எவ்ளோ நாளுன்னு கேட்டியா?"

"கேக்கலைங்க. நீங்க?"

"கேக்கல." ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "சரி, யாரும் கேக்க வேணாம்" என்றார். அப்புறம், "அதுக்கப்பறம் நீ இங்க இருக்கணும்னு தோணுனா இரு. யாழினிகிட்டப் போவணும்னா போ. ஊர்ல நாலு பேரு என்னா சொல்லுவாங்கன்னு எதையும் செய்யாத. நெத்தியில பொட்ட எடுக்காத. அத நான் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு. வீரமலைய சாட்சிக்கு வச்சுக்க."

மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி காய்கிறது என்பது ஞாபகம் வந்தது. எழுந்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். அப்புறமும் நிறைய சொன்னார். எல்லாவற்றையும் இங்கே எழுத வேண்டாம்.

இப்போது யாழினியோடு ஃபோனில் இருக்கிறார், படுத்தபடியே. தெளிவாக இருக்கும்போதே அவளிடம் தானே சொல்லிவிட வேண்டுமாம். அவள் அழுகிறாள் போலிருக்கிறது.

"இரு, இரும்மா. அப்பா இன்னும் முடிக்கல" என்கிறார்.